பத்தரை மணிப் பால்

திருச்சியிலிருந்து வந்த பஸ் வேப்பூரில் என்னை நெடுஞ்சாலையின் தவறான பக்கத்தில் இறக்கிவிட்டுப் போனது. கையில் மூன்று சாமான்கள்: ஒரு துணிப்பை, அளவுகோல்களும் எஃகு ஊசிகளும் வைத்த சிறு பெட்டி, மலேசியாவில், எங்கள் ஊர் ஈப்போவில் அம்மா கட்டிக்கொடுத்த பிஸ்கட் டின். லாரிகள் விட்ட இடைவெளியில் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்ச் சேரப் பத்து நிமிடம் ஆனது.

பசி. முதல் கடையில் உட்கார்ந்தேன். எங்கள் ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாய்க்குப் பருப்புக் குழம்பு ஊற்றுவார்கள். இங்கே பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, கேட்காமலே சால்னாவில் மிதக்கவிடுகிறார்கள். பரிமாறியவர் என் பெட்டியைப் பார்த்துவிட்டு, "கண்ணாடி கிண்ணாடி இருக்குதா மேடம்? பஸ்ஸுல மடியில வெச்சிக்குங்க. மேல போட்டா தூளாயிடும்" என்றார். நல்ல யோசனை. அப்படியே செய்தேன்.

விருத்தாசலம் போகிற பஸ் பாதி வழியில் நின்றது. முன்னால் பெண்ணாடம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போன டிராக்டரின் இழுவை வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து, சாலை முழுக்கக் கரும்பு. எல்லோரும் இறங்கினோம். நடத்துநருக்கும் டிராக்டர்காரருக்கும் பேச்சு நடந்தது.

"ஒரு கட்டு கொறச்சு ஏத்துனா என்னாய்யா?"

"கொறச்சு ஏத்துனா இன்னொரு நடை வரணும். உங்க பஸ்ஸுல ஏத்திக்கிறீங்களா?"

"ஏத்திக்கிறேன். கரும்புக்கும் டிக்கெட்டு போட்ருவேன்."

பயணிகளில் பாதிப்பேர் கரும்பை ஒதுக்கினார்கள், மீதிப்பேர் தின்றார்கள். எனக்கும் ஒரு துண்டு கிடைத்தது. முக்கால் மணி நேரத்தில் வழி பிறந்தது. ஈப்போவில் இப்படி ஒரு நெரிசல் என்றால் ஆளாளுக்குக் காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்போம்.

இது 2007 சனவரிக் கடைசியில் நடந்த பயணம். நான் ஈப்போவில் மின்பெட்டிகள் செய்யும் ஒரு சிறிய கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர். பழைய தோட்டத்து வீடுகளும் ஆலைகளும் இன்னும் பீங்கான் ஃபியூஸ் கட்டைகளைக் கேட்கின்றன. அவற்றை விருத்தாசலத்தில் செய்து வாங்குகிறோம். கடைசி இரண்டு தடவை வந்த சரக்கில் திருகாணி போகும் துளைகள் அடைபட்டிருந்தன. போய்க் காரணத்தைக் கண்டுபிடித்து எழுதிக்கொண்டு வா என்று அனுப்பிவைத்தார்கள். ஒரு வாரம் தந்தார்கள்.

வியாழக்கிழமை காலை பட்டறைக்குப் போனேன். ஊர் ஓரத்துத் தொழிற்பேட்டையில், இருபது பேர் வேலை செய்யும் இடம். பெரும்பாலும் பெண்கள். முதலாளி பாலமுருகனுக்கு நாற்பது வயதிருக்கும். நாற்காலியைத் தன் துண்டாலேயே துடைத்துப் போட்டார். நான், "பசியாறிட்டுத்தான் வந்தேன்" என்றதும், களிமண் மிதிக்கும் இடத்திலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. எங்கள் ஊரில் காலை உணவுக்கு அப்படித்தான் சொல்வோம் என்றேன்.

"மலேசியாவுல பீங்கானே இல்லியா மேடம், இம்மாந்தூரம் வரீங்க?" என்று கேட்டாள் சிரித்தவள். பெயர் செல்வி. கிளேஸ் கலக்குபவள். கிளேஸ் என்பது பீங்கானுக்கு மினுமினுப்புத் தரும் பால் போன்ற கரைசல்.

"இருக்குது. இந்த விலைக்கு இல்லை" என்றேன்.

"அப்ப நாங்கதான் மலிவு" என்று போய்விட்டாள்.

வேலை முறை எளிமையானது. மண்ணை அச்சில் அழுத்தி, காயவைத்து, ஒவ்வொரு கட்டையாகக் கிளேஸ் தொட்டியில் முக்கி எடுத்துப் பலகையில் அடுக்குவார்கள். ஈரம் காயாமல் சூளைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக, முக்கியெடுத்த நேரத்தைப் பலகையின் ஓரத்தில் சாக்பீஸால் எழுதுவார்கள். சூளைக்குள் போகும் தட்டிலும் அதே நேரத்தைக் கீறிவிடுவார்கள். ஈரம் உலர்ந்ததா என்று பார்க்கத்தான் அவர்கள் அதை எழுதினார்கள். எனக்கு அது பொக்கிஷமாக இருந்தது.

அன்று சூளை திறந்திருந்தது. வெந்து வந்த கட்டைகளை நேரவாரியாக அடுக்கி, ஒவ்வொரு துளையிலும் ஊசியை விட்டுப் பார்த்தேன். மாலைக்குள் என் நோட்டில் தெளிவாக இருந்தது. காலை எட்டரையிலிருந்து பதினொன்று வரை முக்கியெடுத்தவை: ஊசி தடையில்லாமல் போகிறது. பதினொன்றேகால் முதல் மூன்றரை வரை: பூச்சு தடித்து, துளைகள் அடைபட்டவை ஏராளம். அதற்குப் பிறகு மறுபடியும் நல்லவை.

சந்தேகப் பட்டியலில் முதலில் வெயிலை எழுதினேன். பாலமுருகனும் அதையே சொன்னார்: "மதியம் தண்ணி ஆவியாயி கிளேஸு கெட்டியாயிடும் மேடம்." ஒரு குவளை கிளேஸை மணிக்கொரு தடவை நிறுத்துப் பார்த்தேன். எடை மாறவில்லை. செல்வி பெருமையோடு, "நான் கலக்குனா மாறாது" என்றாள். வெயிலை அடித்துவிட்டேன். கட்டை சரியாகக் காயாததா என்றும் பார்த்தேன், அதுவும் இல்லை. பட்டியலில் மிஞ்சியது ஒன்றுதான்: முக்கும் ஆள்.

முக்குபவர் ஸ்டெல்லா. வயது நாற்பத்தொன்பது. பட்டறையில் எல்லோருக்கும் ஸ்டெல்லாக்கா. கறுப்புக் கயிற்றில் சிறு சிலுவை. தொட்டியருகில் நின்று, கட்டையை இரண்டு விரலில் பிடித்து இறக்குவார், உதடு மட்டும் அசையும்: ஒண்ணு, ரெண்டு, மூணு. தூக்கிவிடுவார். கடிகாரமே இல்லை. காய்ந்த மண் தண்ணீரை உறிஞ்சும். எவ்வளவு நேரம் உள்ளே இருக்கிறதோ அவ்வளவு தடிமனாகப் பூச்சு ஏறும். அந்த மூன்று எண்ணிக்கைதான் இந்தப் பட்டறையின் அளவுகோல்.

வெள்ளிக்கிழமை நிறுத்துக் கடிகாரத்தோடு பக்கத்தில் நின்றேன். காலை ஒன்பதரைக்கு அவருடைய மூன்று, மூன்று விநாடி. பத்தரைக்கும் அப்படியே. பன்னிரண்டு மணிக்கு அதே மூன்று கிட்டத்தட்ட ஐந்து விநாடி ஆனது. நூறு கட்டை பார்த்தேன். அளந்ததில் பிழையில்லை.

கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் நேராக அலுவலகத்துக்குப் போய் நோட்டைப் பாலமுருகனிடம் நீட்டினேன். அது நான் செய்த தவறு. முதலில் ஸ்டெல்லாக்காவிடம் பேசியிருக்க வேண்டும்.

பாலமுருகன் நோட்டை மெதுவாகப் படித்தார். "எனக்கும் சந்தேகம் இருந்துச்சு மேடம். அக்காவுக்கு ஒடம்பு சரியில்ல. கை நடுக்கம். புதுச்சேரி ஆஸ்பத்திரியில காட்டுது. திங்கக்கிழமலேர்ந்து செல்வி முக்கட்டும். அக்கா வூட்ல ரெஸ்ட் எடுக்கட்டும்."

திரும்பி வந்து ஸ்டெல்லாக்காவை மறுபடி பார்த்தபோதுதான், காலையிலேயே கண்ணில் பட்டிருக்க வேண்டியவை பட்டன. நடக்கும்போது வலது கை மட்டும் வீசவில்லை. கண் அதிகம் இமைக்கவில்லை. செல்வி சொல்லும் பகடிக்கு வாய் பதில் சொல்கிறது, முகம் சிரிக்கவில்லை. என் அப்பாவுக்கு எட்டு வருடமாகப் பார்கின்சன் நோய். அவர் மாத்திரை நோட்டை எழுதுவது நான்தான். எனக்கு இது தெரியாமல் போயிருக்கக் கூடாது.

குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தவரிடம் கடிகாரத்தைக் காட்டினேன்.

"நான் மூணுதான் எண்றேன் மேடம்" என்றார்.

"ஆமாம். மூன்றுதான் எண்ணுகிறீர்கள். ஆனால் மதியம் உங்கள் மூன்று நீண்டுவிடுகிறது."

"எனக்கு அப்பிடித் தெரியலியே. காலைல எண்ற மாதிரிதான் எண்றேன்." விரல்களை மறுபடியும் தேய்த்துக் கழுவினார். "மொதலாளிகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லிவிட்டேன்."

"சரி. வூட்ல உக்காரச் சொல்வாரு. என் வூட்டுக்காரரும் அதான் சொல்றாரு. நடமாட்டத்த விட்டா ஒடம்பு இறுகிடும்னு டாக்டரே சொல்லியிருக்காரு மேடம். தொட்டிகிட்ட நிக்கறதாலதான் நான் இன்னும் நடக்குறேன். உக்காந்தேன்னா கட்டிலோட ஒட்டிக்குவேன்." குழாயை மூடினார். "நீங்க எழுதறத எழுதுங்க."

பாலமுருகனிடம் திரும்பப் போனேன். நான் ஊர் திரும்புவது புதன்கிழமை. அதுவரை ஆளை மாற்ற வேண்டாம், காரணம் முழுசாகத் தெரியவில்லை என்றேன். அவர் நெற்றியைத் தேய்த்தார். "புதன் வரைக்கும். அடுத்த சரக்கும் திரும்பி வந்துச்சுன்னா பட்டறைய நான் இழுத்துப் பூட்டணும் மேடம். அதையும் பாத்துக்குங்க." அதுவும் நியாயம்தான்.

சனிக்கிழமை பொறியாளர் புத்தியோடு ஒரு வழி செய்தேன். அலுவலகச் சுவரிலிருந்த கடிகாரத்தைக் கழற்றித் தொட்டிக்கு எதிரே மாட்டினேன். எண்ண வேண்டாம், விநாடி முள்ளைப் பார்த்துத் தூக்குங்கள் என்றேன். முள்ளைப் பார்த்தால் கட்டையைப் பார்க்க முடியவில்லை. ஒன்பது மணிக்குள் மூன்று கட்டைகள் தொட்டிக்குள் விழுந்து, என் சட்டை முழுக்க வெள்ளைப் புள்ளி.

"மேடத்தையும் சூளைல வெச்சிட்டா பளபளன்னு வந்துருவாங்க" என்றாள் செல்வி.

மதியம் இன்னும் மோசம். "முள்ளு போயிடுது. தூக்கணும்னு தெரியுது. கை பொறப்பட மாட்டேங்குது" என்றார் ஸ்டெல்லாக்கா. கடிகாரத்தைக் கழற்றிப் பழைய இடத்திலேயே மாட்டினேன். பட்டியலில் அதையும் அடித்தேன்.

அவருக்கு என்மேல் கோபம் இருந்திருக்கலாம். ஆனாலும் போகும்போது, "நாளைக்கி ஓட்டல்ல திங்காதீங்க. சர்ச்சுப் பூசை முடியற நேரத்துக்கு வூட்டுக்கு வந்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஷேர் ஆட்டோவில் ஒன்பது பேர். என் மடியில் யாருடைய பிள்ளையோ உட்கார்ந்திருந்தது. இறங்கும்போது பிள்ளையைக் கொடுத்துவிட்டு என் பெட்டியை விட்டுவிட்டேன். ஆட்டோக்காரர் அடுத்த நடையில் அதைக் கொண்டுவந்து கொடுத்தார். "உள்ள ஊசியா இருக்குது, டாக்டரம்மாவா?" என்று கேட்டார். இல்லை, ஃபியூஸ் கட்டை பார்க்கிறவள் என்றேன். அவருக்கு ஏமாற்றம்தான்.

ஸ்டெல்லாக்காவின் வீட்டில் கோழிக் குழம்பு, முட்டைகோஸ் பொரியல், ரசம். அவர் கணவர் ஆரோக்கியம், பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் மெக்கானிக். பேச்சில் அவசரமில்லாதவர். மனைவிக்கு முதலில் சோறு போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"பாஞ்சு வயசுலேர்ந்து ஒழைக்குது. போதும்னு சொன்னா கேக்க மாட்டேங்குது" என்றார். "ஒரு விஷயம் சொல்றேன் மேடம், சிரிக்காதீங்க. போன வருஷம் தவக்காலத்துல, வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம ஒருசந்தி இருந்துச்சு இது. அந்த நாள்ல மட்டும் மதியம் கை நல்லா இருக்கும். வந்து சொல்லும். மாதா கிருபன்னு நெனச்சேன். வருஷம் பூரா ஒருசந்தி இருந்துடுன்னு கூடச் சொன்னேன்."

தவக்காலம் என்பது ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள்; ஒருசந்தி என்பது ஒருவேளை மட்டும் உண்ணும் நோன்பு. நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நோட்டை எடுத்தேன்.

"அந்த நாட்களில் எதையெல்லாம் சாப்பிட மாட்டீர்கள் அக்கா?"

"காலைல ஒண்ணும் இல்ல. வரக்காப்பி மட்டும். பட்டறையில பத்தரைக்குப் பால் குடுப்பாங்க, அது கெடையாது."

"மாத்திரை?"

"அத எப்பிடி வுடறது? ஆறு மணிக்கு ஒண்ணு, பத்தரைக்கு ஒண்ணு, மூணு மணிக்கு ஒண்ணு. மத்த நாள்ல பத்தரை மாத்திரையப் பாலோட போட்டுக்குவேன். ஒருசந்தின்னா வெறுந்தண்ணி. கொமட்டும். அதையும் சேத்து ஒருசந்தின்னு நெனச்சுக்குவேன்."

பத்தரை மணிப் பால் எனக்கும் தெரியும். தூசி வேலை செய்கிறவர்களுக்குப் பால் கொடுத்தால் நெஞ்சிலிருக்கும் தூசி இறங்கிவிடும் என்று அந்தப் பேட்டை முழுக்க ஒரு வழக்கம். ஒரு பெரிய டம்ளர், ஆடையோடு. எனக்கும் இரண்டு நாள் கொடுத்தார்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து குடித்தேன். தொட்டியடியில் அதே பாலோடு மாத்திரை போவதை நான் பார்க்கவில்லை.

அவர்களுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். மூளையின் அடிப்பகுதியில் ஒரு சிறு இடத்து நரம்பணுக்கள் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கின்றன. கை கால் அசைவு தொடங்குவதற்கும் தடையில்லாமல் ஓடுவதற்கும் அது வேண்டும். ஒரு காரியத்தைச் செய்யவேண்டும் என்ற ஆசை எழுவதற்கும் வேண்டும். என் அப்பா பேப்பர் படிப்பதை விட்டபோது சோகத்தில் இருக்கிறார் என்று நினைத்தோம், உண்மையில் எடுத்துப் பிரிக்கும் உந்துதல்தான் குறைந்திருந்தது. பார்கின்சன் நோயில் அந்த அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. டோபமைனை மாத்திரையாகக் கொடுத்தால் இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. அதனால் அதன் மூலப்பொருளைக் கொடுக்கிறார்கள். அது உள்ளே போய் டோபமைனாக மாறும்.

அது உள்ளே போகும் வாசலில்தான் சிக்கல். புரதம் செரித்துவரும் துணுக்குகளும் அதே வாசலில்தான் நுழைகின்றன. பாலில் புரதம் நிறைய.

"விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுல சேலம் பஸ்ஸு வந்து நிக்கற மாதிரி" என்றார் ஆரோக்கியம். "ஜன்னல் வழியா துண்டப் போட்டு எடம் புடிச்சிருவானுங்க. மாத்திரை படிக்கட்டுலயே நிக்குது."

அதைவிட நன்றாக நான் சொல்லியிருக்க முடியாது.

ஸ்டெல்லாக்கா சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். "கை லேட்டாவுது, சரி. எண்றது வாய்தான. மூணு எப்பிடி நீளும்?"

"வாய்க்குக் கணக்குச் சொல்வதும் மூளைதான் அக்கா. விநாடியை அளக்கும் கடிகாரம் ஒன்று உள்ளே ஓடுகிறது. டோபமைன் குறைந்தால் அதுவும் மெதுவாகலாம். மெதுவாகிற கடிகாரத்துக்குத் தான் மெதுவாவது தெரியாது."

"அப்ப நான் பொய் எண்ணல."

"இல்லை."

அவர் ஆரோக்கியத்தைப் பார்த்தார். "கேட்டுக்கிட்டீங்களா? கவனமில்லாம எண்ணிட்டேன்னு சொன்னீங்களே." ஆரோக்கியம் அவர் இலையில் ரசம் ஊற்றினார்.

மாத்திரையின் நேரத்தை நானாக மாற்றச் சொல்லவில்லை. முதல் வருடம் அப்பாவுக்கு மருந்து கொஞ்சம் கூடிப்போய், வீட்டில் இல்லாத பூனைகளை விரட்டிக்கொண்டிருந்தார். குறைவு மட்டுமல்ல, மிகுதியும் நோய். மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் செய்வது என்று முடிவானது.

திங்கள் காலை ஏழரைக்கே மூன்று பேரும் பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு எஸ்.டி.டி. பூத்தில் நின்றோம். கண்ணாடிக் கதவுக்குள் ஸ்டெல்லாக்கா, வெளியே நாங்கள். மூன்றாவது முறைதான் மருத்துவர் கிடைத்தார். அவர் குரல் வெளியே வரைக்கும் கேட்டது.

"வெறும் வயித்துலதானம்மா போடச் சொன்னேன்?"

"வெறும் வயித்துலதான் சார் போடறேன். சாப்பாடு ஒரு மணிக்குத்தான். பால்தான் குடிப்பேன்."

"பால் சாப்பாடு இல்லியா?"

"பால் எப்பிடி சார் சாப்பாடாவும்? குடிக்கறதுதான."

அதற்குப் பிறகு மருத்துவரின் குரல் தணிந்துவிட்டதால் எனக்குக் கேட்கவில்லை. வெளியே வந்த ஸ்டெல்லாக்கா விரல்விட்டுச் சொன்னார்: மாத்திரை எண்ணிக்கை மாறாது. நடு மாத்திரை பத்து மணிக்கு. குமட்டினால் ஒரு கைப்பிடி பொரி. பால் ஒரு மணி நேரம் கழித்துத்தான். வெள்ளிக்கிழமை புதுச்சேரிக்கு நேரில் வர வேண்டும்.

பொரி வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போனோம். பத்து மணிக்கு மாத்திரை. பத்தரைக்குப் பால் வந்தது. ஸ்டெல்லாக்காவின் டம்ளரை ஒரு தட்டால் மூடி ஓரமாக வைத்தேன்.

"பூன குடிச்சிட்டா நான் பொறுப்பில்ல" என்றாள் செல்வி.

"பூனைக்கு மீசைல ஆட ஒட்டும். காட்டிக்குடுத்துரும்" என்றார் ஸ்டெல்லாக்கா.

பத்தேமுக்காலுக்கு அவருக்குக் குமட்டல் வந்து வெளியே போய் நின்றார். வேலை நிற்குமோ என்று பயந்தேன். கால் மணியில் திரும்பி வந்துவிட்டார். பதினொன்றரைக்குக் கடிகாரத்தை அழுத்தினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. மூன்று விநாடி. பன்னிரண்டுக்கும் மூன்று. சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றரைக்கும் மூன்று. செல்வி ஒவ்வொரு தடவையும் என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப்பார்த்தாள்.

பத்து மணி மாத்திரையின் வேகம் தீர்ந்திருக்க வேண்டும்: இரண்டு மணி பத்துக்கு நான்கு ஆனது. இரண்டே முக்காலுக்கு ஐந்தைத் தொட்டது. செல்வி எட்டிப்பார்ப்பதை நிறுத்தினாள். ஸ்டெல்லாக்கா அடுத்த கட்டையை எடுத்தார். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அன்று மாலை சூளை ஏற்றினார்கள். செவ்வாய் முழுக்க அது ஆறும் நாள், செய்வதற்கு ஒன்றுமில்லை. கடைத்தெருவில் அப்பாவுக்கு ஒரு வேட்டி வாங்கினேன், தேநீர் மூன்று தடவை குடித்தேன். எங்கள் ஊர்த் தேநீர், தே தாரிக், கண்ணாடிக் குவளையில் நுரை தள்ளி வரும். இங்கே டம்ளர் சிறியது, சூடு அதிகம், நின்றுகொண்டு குடிக்க வேண்டும். ஈப்போவுக்கு போன் செய்தபோது மேலாளர், காரணம் கிடைத்ததா, ஆளை மாற்றினார்களா என்று கேட்டார். சூளை திறக்கட்டும் என்றேன்.

புதன்கிழமை ஒன்பதரைக்குத் திறந்தார்கள். கட்டைகள் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தன. பாலமுருகன் பக்கத்தில் நின்றார். ஸ்டெல்லாக்கா தொட்டியை விட்டு வரவில்லை, ஆனால் முதுகு எங்கள் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தது. நேரவாரியாக அடுக்கி ஊசியை எடுத்தேன். எட்டரை, ஒன்பதரை, பத்தரை: போகிறது. பதினொன்றரைத் தட்டு முழுவதும் போகிறது. பன்னிரண்டு, பன்னிரண்டரை, ஒன்றரை: போகிறது. பாலமுருகன் தானே ஓர் ஊசியை வாங்கி விட்டுப் பார்த்தார்.

இரண்டேகால் தட்டில் நான்கு துளை அடைப்பு. இரண்டே முக்கால் தட்டில் பெரும்பாலானவை அடைப்பு, எண்ணி முடிக்கத் தேவையிருக்கவில்லை.

பாலமுருகன் ஊசியை மேசைமேல் வைத்தார். "பாதி சரியாச்சு" என்றார். "பாதிய வெச்சு நான் என்னா மேடம் பண்ண?"

அறிக்கைத் தாள் என் கையில் இருந்தது. காரணம் என்று ஒரு கட்டம், தீர்வு என்று ஒரு கட்டம். பிற்பகல் தட்டுகளை விட்டுவிட்டு எழுதினால் ஸ்டெல்லாக்காவுக்கு நல்லது. கிளேஸின்மேல் பழி போட்டால் யாருக்கும் கெடுதல் இல்லை. இரண்டையும் யோசித்தேன். மூன்று மாதத்தில் அடுத்த சரக்கு ஈப்போவுக்கு வந்து மேசைமேல் உடைத்துச் சொல்லிவிடும் என்பதும் தெரிந்தது.

ஸ்டெல்லாக்கா கை துடைத்துக்கொண்டு வந்தார். தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இரண்டே முக்கால் தட்டிலிருந்து ஒரு கட்டையை எடுத்து, அடைபட்ட துளையைக் கட்டைவிரலால் தடவினார்.

"பொய் எழுதாதீங்க பாப்பா" என்றார். மேடம் எங்கே போனது என்று தெரியவில்லை. "ரெண்டு மணிக்கு மேல என் மூணு மூணு இல்லன்னு எழுதுங்க. ரெண்டு மணி வரைக்கும் மூணுதான்னும் எழுதுங்க. ரெண்டையும் எழுதுங்க. ஒண்ண வுட்டுட்டு ஒண்ண எழுதாதீங்க."

எழுதினேன். முதல் வரி, இரண்டாம் வரி. நோயின் பெயரை எழுதலாமா என்று கேட்டேன். "எங்கூர்ல எல்லாருக்கும் தெரியும். உங்கூர்ல தெரிஞ்சி என்னா ஆவப்போவுது, எழுதுங்க" என்றார்.

பாலமுருகன் தாளை வாங்கிப் படித்தார். இரண்டு தடவை படித்தார் என்று நினைக்கிறேன். "அப்ப ரெண்டு மணிக்கு மேல யாரு?"

"செல்வி" என்றார் ஸ்டெல்லாக்கா.

"என்னக் கேக்கல பாரு" என்றாள் செல்வி.

"உனக்கு எண்ணத் தெரியுமான்னு யோசிச்சோம்."

"மூணு வரைக்கும் தெரியும்."

"நீ என்னாக்கா பண்ணுவ அப்ப?" என்று கேட்டார் பாலமுருகன். வூட்டுக்குப் போ என்று அவர் சொல்வார் என நான் காத்திருந்தேன். சொல்லவில்லை.

"முக்குன கட்டைல, காயறதுக்கு முன்னாடி, துளைய ஊசிவுட்டுப் பாக்கறேன். அதுக்கு எண்ண வேணாம். எவ்ளோ நேரம் வேணா ஆவட்டும்."

யோசித்தால் அது நான் எழுதியிருக்க வேண்டிய தீர்வு. பூச்சு ஈரமாக இருக்கும்போதே துளையைத் திறந்துவிட்டால் யார் முக்கினாலும் அடைப்பு சூளைக்குப் போகாது. என் பெட்டியிலிருந்த ஊசிகளில் இரண்டு மிகையானவை. எடுத்துக் கொடுத்தேன். அவர் வாங்கி, ஒன்றைத் தன் சேலை முந்தானையில் குத்திக்கொண்டார், இன்னொன்றைத் திருப்பிக் கொடுத்தார். "ஒண்ணு போதும்" என்றார்.

நான் கிளம்பும்போது மணி பதினொன்றை நெருங்கியிருந்தது. அவர் தொட்டியடியில் நின்றிருந்தார். பால் டம்ளர் மூடியபடி ஓரத்தில் இருந்தது. விடைபெற வாய் திறந்தேன்; கட்டை உள்ளே இருந்தது, உதடு அசைந்துகொண்டிருந்தது. அவர் இடது கையை மட்டும் உயர்த்தி என்னை நிறுத்தினார். மூன்று முடியும்வரை நின்றேன்.